செம்பட்டையை இங்கிலீசில எப்பிடிச் சொல்லுறது?

தரம் எட்டில் ஆங்கிலப் பாடத்துக்கு ‘மை ஃபிரென்ட்’ என்று ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. ரீச்சர் முழு வசனங்களையும் பலகையில் எழுதிப் போட்டார். அதில் ஒன்று ‘ஷீ ஹாஸ் லோங் பிளக் ஹெயார்’. வகுப்பில் இருந்த எல்லாரும் அதை அப்பிடியே பார்த்து எழுதினம். நான் எழுதினது பக்கத்து வாங்கில் இருந்த பிள்ளையைப் பற்றி. அவள் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை. வெயிலும் உப்புக்காற்றும் பட்டு அவளின் தலைமயிர் செம்பட்டை. (தமிழ்நாட்டு நண்பர்கள் வாசித்தால் கோபிக்க வேண்டாம், எங்கட பக்கம் தலைமயிர் கெட்ட வார்த்தை இல்லை.) வகுப்பில் அவளுக்குப் பெயரே ‘செம்பட்டை’தான். அந்தப் பெயரை வைச்சது ஆர் என்று இப்ப கேட்டால் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளமாட்டினம். நானும் ஒத்துக்கொள்ளமாட்டன்.

கட்டுரையை வாங்கிப் பார்த்தவள், “என்ர தலைமயிர் கறுப்பாடா?” என்று கேட்டாள். எனக்கு ஐந்துக்கு ஐந்து புள்ளி கிடைத்தது.

போன செமஸ்டரில் மொழிபெயர்ப்புப் பாடத்துக்கு ஒரு சிறுகதையை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு இருக்கேக்க ‘செம்பட்டை முடி’ என்று ஓர் இடம் வந்தது. அப்பத்தான் அந்தக் கேள்வி மறுபடி வந்தது. அவளின் முடியைப் பற்றி நான் என்ன எழுதியிருக்க வேணும்? ‘பிறவுண்’? ‘ரெட்’? ‘ஓபேர்ண்’? அகராதியைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு நீளமான கதை இருக்கு. அந்தக் கதைகளுக்காகத்தான் இதை எழுதுறன்.

இலக்கணத்தை முதலில் முடித்துவிடுவோம், அது லேசான பகுதி. தலையில் இருக்கிற முடி முழுவதும் ஆங்கிலத்தில் ஒருமை. ‘பிளக் ஹெயார்ஸ்’ என்றால் சோற்றுக்குள் கிடந்த நாலைந்து மயிர் என்று அர்த்தம் வரும். ‘பிளக் கலர் ஹெயார்’ என்று நாங்கள் எல்லாரும் எழுதுவம். அதில் ‘கலர்’ தேவையில்லை. ‘ஷீ இஸ் ஹேவிங்’ என்றும் எழுதக்கூடாது. இவ்வளவும் ரியூசனில் சொல்லித் தருவினம். நிறத்தின் பெயர்களைப் பற்றி ஒருத்தரும் சொல்லித் தருவதில்லை.

‘ரெட் ஹெயார்’ என்று இங்கிலீஷ்காரர் சொல்கிற முடியைப் படத்தில் பார்த்திருப்பீங்கள். அது சிவப்பா? செவ்வரத்தம்பூவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. எங்கட கணக்கில் அது செம்மஞ்சள். பேந்து ஏன் ரெட்? அந்த முடிக்குப் பெயர் வைத்த காலத்தில் ஆங்கிலத்தில் செம்மஞ்சளுக்குத் தனிச்சொல் இருக்கவில்லை. ‘ஒரேஞ்ச்’ முதலில் பழத்தின் பெயராகத்தான் வந்தது. சமஸ்கிருத ‘நாரங்க’ பாரசீகத்துக்குப் போய், அரபுக்குப் போய், பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து வந்து சேர்ந்தது. அந்த ‘நாரங்க’வே திராவிட மொழிகளில் இருந்து போயிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் எண்ணம், எங்கட நாரத்தங்காயை நினைத்துக்கொள்ளுங்கோ. பழத்தின் பெயர் நிறத்தின் பெயராக ஆனது 16ஆம் நூற்றாண்டில்தான். அதற்குள்ளே ரொபின் குருவியின் நெஞ்சு, நரி, மனிசரின் தலை எல்லாம் ‘ரெட்’ ஆகி உறைந்துபோய்விட்டன. இன்றைக்கு ‘ஒரேஞ்ச் ஹெயார்’ என்று எழுதினால் வாசிப்பவர் சாயம் பூசின தலை என்றுதான் நினைப்பார். அதனால் கண்ணுக்குப் பிழையாகத் தெரிகிற ‘ரெட்’தான் மொழிக்குச் சரி.

முடியின் நிறத்தை வைத்து ஆளுக்குப் பெயர் வைக்கிறது எங்கட வகுப்பு மட்டும் செய்த வேலை இல்லை என்பதும் இந்தத் தேடலில் தெரிந்தது. ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களில் இது நிறைய. ரஸ்ஸல் என்றால் நோர்மன் பிரெஞ்சில் செம்முடிக்காரன். மெய்யியல் பாடத்தில் நாங்கள் படிக்கிற பேர்ட்ரண்ட் ரஸ்ஸலின் பெயருக்குள் எங்கட ‘செம்பட்டை’தான் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு இருக்கு. ரீட் என்பதும் சிவப்பன்தான். பிளண்ட் ‘புளொண்ட்’டில் இருந்து வந்தது. ஃபெயார்ஃபக்ஸ் என்றால் பழைய ஆங்கிலத்தில் ‘வடிவான முடி’. 1087 முதல் 1100 வரை இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் வில்லியத்துக்கு ‘ரூஃபஸ்’ என்று பட்டம், சிவப்பன் என்று பொருள். சிவப்பு முகத்திலா முடியிலா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை பிடிக்கினம். பட்டம் மட்டும் நின்றுவிட்டது. ராசாவுக்கே அந்த நிலைமை.

‘ஜிஞ்சர்’ கதை எனக்கு மிகவும் பிடித்தது. பிரிட்டனில் செம்முடிக்காரரை ‘ஜிஞ்சர்’ என்று கூப்பிடுவினம். அந்த இஞ்சி எங்கட இஞ்சிதான். திராவிட ‘இஞ்சி வேர்’ பாளியில் ‘சிங்கிவேர’ ஆகி, கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு என்று கடந்து ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சர்’ ஆனது என்று சொற்பிறப்பு அகராதிகள் சொல்லுது. ஆனால் இஞ்சிக்கும் செம்முடிக்கும் என்ன பொருத்தம்? 1785இல் ஃபிரான்சிஸ் குரோஸ் என்பவர் கொச்சைச் சொற்களுக்கு ஓர் அகராதி போட்டார். செம்முடிக்காரருக்கு இந்தப் பெயர் சேவற்சண்டையில் இருந்து வந்தது, அங்கே சிவப்புச் சேவலை ‘ஜிஞ்சர்’ என்பார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். இஞ்சி சேவலுக்குப் போய், சேவலில் இருந்து மனிசத் தலைக்கு ஏறியிருக்கு. இதைக் கம்பஸ் கன்ரீனில் சொன்னபோது ஒருத்தன், “அப்ப வெள்ளைக்காரனைத் தமிழில நக்கலடிச்சிருக்கிறம்” என்றான். அவ்வளவுக்குப் போகத் தேவையில்லை. ஆனால் நக்கல் மட்டும் உண்மை. 2010 ஒக்டோபரில் தொழிற்கட்சியின் துணைத் தலைவர் ஹரியட் ஹார்மன், டானி அலெக்சாண்டர் என்ற அமைச்சரை இந்தச் சொல்லோடு எலி இனத்தையும் சேர்த்துக் கிண்டல் செய்து, பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. நண்பர்களுக்குள் ‘ஜிஞ்சர்’ சரி. தெரியாத ஆளைப் பார்த்து ஒரு வெளிநாட்டு மாணவன் அதைச் சொல்வது நல்லதில்லை.

‘ஓபேர்ண்’ இதுக்கு நேர் எதிர், மரியாதையான சொல். செம்மை கலந்த கபிலம், கதைகளில் வருகிற வடிவான பெண்களுக்கு உரியது. லூசி மோட் மொன்ட்கொமரி 1908இல் எழுதிய ‘ஆன் ஒஃப் கிரீன் கேபிள்ஸ்’ நாவலை எங்கட கம்பஸ் நூலகத்தில் எடுத்தேன். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வளர்கிற அநாதைப் பிள்ளை ஆன். அவளுடைய பெரிய கவலையே தன்னுடைய சிவப்பு முடிதான். வளர வளர அது ‘ஓபேர்ண்’ ஆகிவிடும் என்று நம்பிக்கொண்டு இருப்பாள். கறுப்பாக்க ஆசைப்பட்டு ஒரு வியாபாரியிடம் சாயம் வாங்கிப் பூசுவாள், முடி பச்சையாகிவிடும். வகுப்பில் கில்பர்ட் என்ற பெடியன் அவளுடைய பின்னலைப் பிடித்து ‘கரட்’ என்று கூப்பிட்டபோது, கையில் இருந்த சிலேட்டை அவன் தலையில் அடித்து உடைப்பாள். அந்த இடத்தை வாசிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைச்சன். எங்கட காலத்தில் சிலேட்டு இல்லாதது என்ர அதிர்ஷ்டம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆன் ஏங்கின ‘ஓபேர்ண்’ முதலில் செம்மையே இல்லை. இலத்தீனில் ‘அல்புஸ்’ என்றால் வெள்ளை. அதில் இருந்து வந்த ‘அல்புர்னுஸ்’ என்றால் வெண்மையானது. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் வெளிறிய மஞ்சள் முடியைத்தான் அது குறித்தது. பிறகு எழுத்துக்கூட்டல் ‘அபுறூன்’ என்றெல்லாம் குழம்ப, சனங்கள் அதற்குள் ‘புறூன்’, அதாவது கபிலம், இருக்குது என்று நினைத்துவிட்டார்கள். ஓர் எழுத்துப் பிழை வெள்ளையைச் செங்கபிலமாக மாற்றிவிட்டது. பிழையாக எழுதினதற்காகப் புள்ளி வெட்டுகிற எல்லாருக்கும் இந்தச் சொல்லை அனுப்பி வைக்கலாம்.

‘ஃபெயார்’ இப்பிடி வேடிக்கையாக முடியவில்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு வடிவானது என்றுதான் பொருள், நிறத்துக்குச் சம்பந்தமில்லை. 16ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வெளிறிய முடிக்கும் தோலுக்கும் அது பெயராகிறது. வடிவும் வெளிறலும் ஒரே சொல்லுக்குள் வந்து குந்தியபிறகு, கறுப்பு வடிவாக இருக்க மொழியிலேயே இடமில்லாமல் போகிறது. ஷேக்ஸ்பியருக்கு இது விளங்கியிருக்கு. 1609இல் அச்சான அவரது சொனெற்றுகளில் கறுத்த முடிக்காரி ஒருத்தியைப் பாடும் பகுதி, இந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் வைத்துத்தான் விளையாடுது. எங்களுக்கு இது புத்தகத்தில் மட்டும் இருக்கிற விசயமும் இல்லை. 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ கிறீம் இதே ‘ஃபெயார்’ஐத்தான் பூசிக்கொண்டு எங்கட கடைகளுக்கும் வந்தது. 2020இல்தான் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் பெயரை மாற்றினார்கள். அதனால் ‘ஃபெயார் ஹெயார்’ பிழையான ஆங்கிலம் இல்லை, இங்கிலாந்தில் சாதாரணமாகச் சொல்வதுதான். எனக்கு எழுத மனம் வருவதில்லை, அவ்வளவுதான்.

இப்ப எல்லாரும் கேட்கிற கேள்விக்கு வாறன். ‘புளொண்ட்’ என்பதைக் கடைசியில் ‘ஈ’ எழுத்துப் போட்டு எழுதுறதா, போடாமல் எழுதுறதா?

ஆங்கிலத்தில் பெயரடைக்கு ஆண் பெண் கிடையாது. உயரமான பெடியனும் உயரமான பெட்டையும் ஒரே ‘ரோல்’தான். இந்தச் சொல்லில் மட்டும் பால் ஒட்டிக்கொண்டு வந்ததற்குக் காரணம் பிரெஞ்சு. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒருதரம் ஆங்கிலத்தில் தலைகாட்டி மறைந்துபோய், 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சில் இருந்து மறுபடி வந்தது. வரும்போது ஆணுக்கு ‘ஈ’ இல்லாமலும் பெண்ணுக்கு ‘ஈ’யோடும் எழுதுகிற பிரெஞ்சு வழக்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. பிரிட்டிஷ் எழுத்தில் பெண்ணுக்கு இன்றும் ‘ஈ’ போடுவதுதான் வழமை. அமெரிக்காவின் ஏ.பி. செய்தி நிறுவனக் கையேடு நீண்ட காலமாகச் சொன்னது வேறு: பெயரடையாக வந்தால் எல்லாருக்கும் ‘ஈ’ இல்லாமல், பெயர்ச்சொல்லாகப் பெண்ணைக் குறித்தால் மட்டும் ‘ஈ’யோடு.

அப்ப ஒரு பெண்ணின் முடி? முடி ஆணா பெண்ணா? பிரெஞ்சுக்காரரைக் கேட்டால் முடி ஆண்பால் என்பார்கள். ஒரு பெண்ணை ‘ஈ’யோடு எழுதுகிற அதே பிரெஞ்சுக்காரர் அவளுடைய முடியை ‘ஈ’ இல்லாமல் ஆண்பாலில்தான் எழுத வேண்டும். பிரெஞ்சு இலக்கணப்படி நடக்கிறம் என்று சொல்லிக்கொண்டு பெண்ணின் முடிக்கு ‘ஈ’ போடுகிற ஆங்கிலேயர், பிரெஞ்சுப்படி பார்த்தால் பிழை விடுகினம். எந்த மொழிக்கும் முழு விசுவாசம் இல்லாத ஒரு விதி இது. பரீட்சையில் நாங்கள் பிரிட்டிஷ் முறையில் எழுதுவதால் பெண்ணுக்கு ‘ஈ’ போட்டு வைத்தால் ஒருத்தரும் வெட்டமாட்டினம்.

எழுத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. ‘ஷீ ஹாஸ் புளொண்ட் ஹெயார்’ என்றால் அவளுக்குப் பல விசயங்கள் இருக்கு, அதில் முடியும் ஒன்று. ‘ஷீ இஸ் எ புளொண்ட்’ என்றால் அவளே அந்த முடிதான். ‘புரூனெற்’றும் அப்பிடித்தான், அது பிரெஞ்சில் கபிலத்துக்கான சொல்லின் பெண்பால் செல்ல வடிவம். ஆணுக்கு ‘புரூனெற்’ என்று யாராவது எழுதிக் காண்பது அருமை. ஆணின் முடி அவனுக்கு இருக்கிற ஒரு பொருள், பெண்ணின் முடி அவள் என்ன வகை என்பதற்குப் பெயர்.

அந்த வகையை வளர்த்துவிட்டதில் இரசாயனத்துக்கும் பங்கு உண்டு. ஐதரசன் பேரொட்சைட்டை 1818இல் தெனார் கண்டுபிடித்தார். 1867 பரிஸ் கண்காட்சியில் அதைக் கொண்டு முடியை வெளுக்கிற முறையைக் காட்டினார்கள். பிறகு சினிமா வந்தது. 1931இல் ஜீன் ஹார்லோ நடித்த படத்தின் பெயரே ‘பிளற்றினம் புளொண்ட்’. அனிற்றா லூஸ் 1925இல் எழுதிய ‘ஜென்டில்மன் பிரிஃபர் புளொண்ட்ஸ்’ 1953இல் மரிலின் மன்றோவோடு படமானது. தலைப்பைப் பாருங்கோ: ஒரு பக்கம் கனவான்கள், மறுபக்கம் முடி. லூஸ் அதைக் கிண்டலாகத்தான் எழுதினார். கிண்டல் மறந்துபோய்த் தலைப்பு மட்டும் பழமொழி மாதிரி நின்றுவிட்டது.

முடியின் பெயரால் ஆளைக் குறிப்பது பகிடியோடு நிற்காது என்பதற்கு 19ஆம் நூற்றாண்டு சாட்சி. பிரிஸ்ரலில் இருந்த ஜோன் பெடோ என்ற வைத்தியர் ஊர் ஊராகப் போய், சந்தையிலும் தெருவிலும் நின்று, கையில் ஒரு சின்ன அட்டையை வைத்துக்கொண்டு போறவாற ஆட்களின் முடியையும் கண்ணையும் குறித்தார். சிவப்பு, வெளிறல், கபிலம், கருமை, கடுங்கறுப்பு என்று முடிக்கு ஐந்து வகுப்பு. 1885இல் வந்த ‘த ரேசஸ் ஒஃப் பிரிட்டன்’ நூலில் இதை ஒரு சமன்பாடாகவே ஆக்கினார். கருமையையும், இரண்டால் பெருக்கிய கடுங்கறுப்பையும் கூட்டி, அதில் இருந்து சிவப்பையும் வெளிறலையும் கழிக்க வேணும். கபிலம் கணக்கில் இல்லை. வருகிற எண் அந்த ஊரின் ‘கறுமைச் சுட்டி’. கிழக்கில் இருந்து மேற்கே, வேல்ஸ், அயர்லாந்து என்று போகப் போக எண் ஏறியது. அயர்லாந்துக்காரரைக் கீழாகப் பார்க்க ஏற்கெனவே காரணம் தேடிக்கொண்டு இருந்தவர்களுக்கு இப்ப கையில் ஒரு எண்ணும் கிடைத்தது. கடுங்கறுப்பை ஏன் இரண்டால் பெருக்க வேணும்? அந்த இரண்டுக்குள் இருந்தது கணிதம் இல்லை.

ஜேர்மனியில் ருடோல்ஃப் ஃபிர்ஹோ 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் முடி, கண், தோல் நிறத்தை ஆசிரியர்களைக் கொண்டு எண்ணுவித்தார். யூதப் பிள்ளைகளைத் தனியாக எண்ணினார்கள். 1886இல் வெளிவந்த முடிவு இனவாதிகளுக்கு உதவவில்லை. ஜேர்மன் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே முழு ‘புளொண்ட்’ வகை. யூதப் பிள்ளைகளிலும் ஏறக்குறைய 11 சதவீதம் அந்த வகைதான். பெரும்பாலானோர் கலப்பு. இதோடு கதை முடிந்திருக்க வேணும். முடியவில்லை. ஓய்கன் ஃபிஷர் என்ற மானிடவியலாளர் 1907இல் 30 முடி மாதிரிகளை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி அளவுகோல் ஆக்கினார். 1908இல் ஜேர்மன் குடியேற்றமாக இருந்த இன்றைய நமீபியாவுக்குப் போய், ஐரோப்பிய ஆபிரிக்கக் கலப்பில் பிறந்த ரெகொபொத் மக்களை அளந்தார். கலப்புத் திருமணத்துக்கு எதிரான வாதங்களோடு 1913இல் புத்தகம் போட்டார். 1933இல் நாசிகளின் காலத்தில் பேர்லின் பல்கலைக்கழகத்தின் தலைவரானதும் இதே ஆள்தான். அந்தத் தகரப் பெட்டிகளில் ஒன்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் சேகரிப்பில் இருக்கு. படத்தில் பார்த்தால் எங்கட ஊர் சலூனில் சாய நிறம் தெரிவு செய்யக் காட்டுகிற அட்டை மாதிரித்தான்.

அதனால்தான் பெயர்ச்சொல்லா பெயரடையா என்பது எனக்குச் சின்ன இலக்கணமாகத் தெரியவில்லை. எண்ணுகிறவனுக்குத் தேவைப்படுவது பெயர்ச்சொல். ‘இவ்வளவு புளொண்ட், இவ்வளவு புரூனெற்’ என்று எண்ணலாம். முடி இருக்கிற ஒரு ஆளை அப்பிடி எண்ணேலாது.

என்ர அசைன்மென்ற்றில் ‘செம்பட்டை முடி’யை என்ன செய்தேன் என்று சொல்ல வேணும். ‘ரெட்’ போட்டால் வாசிப்பவர் ஸ்கொட்லாந்துக்காரியைத்தான் நினைப்பார். ‘ஓபேர்ண்’ கனக்க வடிவு. ‘ஜிஞ்சர்’ கேட்கவே வேண்டாம். ‘லைட் பிறவுண்’ நிறத்துக்கு ஓரளவு சரி, ஆனால் அது பிறப்பிலேயே வந்த நிறம் மாதிரி இருக்கு. செம்பட்டை அப்பிடி இல்லை. கறுத்த முடி வெயிலில் நிறம் கெட்டு, எண்ணெய் காணாமல் வருவது. அந்தச் சொல்லுக்குள் கவனிப்பார் இல்லாத தலை என்ற ஏளனமும் இருக்கு. பிள்ளைகளுக்குப் புரதம் போதாமல் போனாலும் முடி செம்பட்டையாகும் என்று சுகாதாரப் புத்தகத்தில் பிறகு படித்தேன். அவள் வீட்டில் காலமை என்ன சாப்பாடு என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கடைசியில் ‘ஹெயார் த சண் ஹாட் ரேர்ண்ட் பிறவுண்’, வெயில் கபிலமாக்கின முடி, என்று விரித்து எழுதினேன். விரிவுரையாளர் ஓரத்தில் ‘நீளம்’ என்று குறித்திருந்தார். ஆனால் வெட்டவில்லை.

போன மாசம் ஊருக்குப் போனபோது பஸ் ஸ்ராண்டில் அவளைக் கண்டேன். ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறாளாம். தலை கறுகறுவென்று இருந்தது. இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னன், ஆனைப் பற்றியும் சொன்னன். பெயர் வைச்சது பற்றி மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன், வரவில்லை. அவளே தலையைத் தொட்டுக்காட்டிச் சிரித்தாள்.

“நச்சுரல் பிளக் எண்டு பெட்டியில போட்டிருக்கு. வேலைக்கு இன்ரவியூ போகேக்க தொடங்கினது. இப்பதான்டா உன்ர கட்டுரை சரி.”